பொட்டு வைத்த புட்டி

1.10.84, திங்கள். புழுக்கம். கடற்காற்று கூட இல்லை.

ஆய்வக நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மன்னிக்கவும். சொந்தக் கதை எழுத இதைத் துறையில் கொடுக்கவில்லை. ஆனால் முன்பக்கத்தை ஆய்வகத் தலைவரான சார் படிக்கிறார், சேகர் படிக்கிறார். பின்பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

போன வாரத்து விஷயம் முதலில். மறந்துவிடும் என்று. (மறக்காது.)

இரண்டு குப்பி. இரண்டிலும் மார்பகப் புற்றுநோய் செல்கள், பம்பாயிலிருந்து வந்தவை. ஒன்றில் வை.ஏ. அமிலம், அதாவது வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது, ஆல்கஹாலில் கரைத்தது. மற்றதில் வெறும் ஆல்கஹால். இந்த செல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். காற்று தாராளமாக இருந்தாலும் சர்க்கரையை முழுசாக எரிக்காது. பாதியில் விட்டு லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளும். ஈர விறகு அடுப்பு மாதிரி, புகைதான் அதிகம். அமிலம் சேரச் சேர, செல்கள் வளரும் சிவப்புத் திரவம் மஞ்சளாகும்.

மூன்றாம் நாள் பார்த்தேன். ஆல்கஹால் குப்பி எலுமிச்சை மஞ்சள். வை.ஏ. குப்பி இன்னும் சிவப்பு!

சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "செல்லே கொறஞ்சு போயிருந்தா அமிலமும் கொறயும்மா. ஒரு செல்லுக்கு எவ்ளோன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. எண்ணாமல் விட்டது என் தப்பு. மறுபடி செய்ய வேண்டும்.

இன்று சாயங்காலம் ஆயுத பூசை. நாளை முதல் மூன்று நாள் லீவு என்பதால் இன்றே. முன்னறையில் ஜன்னலோரம் மேசை, சீரியல் பல்பு, பொரி, சுண்டல். அட்டெண்டர் ஆறுமுகம் அண்ணன் எல்லோரிடமும் ஒரு சாமான் வாங்கினார். சேகர் தராசைக் கொடுத்தார். (சேகர் ஆராய்ச்சி மாணவர், எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர், ஒழுகரைக்காரர்.)

"உன் ஆயுதம் எது பாப்பா?"

எனக்கு ஆயுதமா? சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையும். "குளிர்பெட்டியில வெள்ளித்தாள் சுத்தின சின்னப் புட்டிண்ணே" என்றேன். (வை.ஏ. கரைசல் அதில்தான்.) செல்களுக்குப் புதுத் திரவம் வைத்துவிட்டு முதலியார்பேட்டை பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். பூசைக்கு நிற்கவில்லை.

4.10, வியாழன்.

லீவு. துணி துவைத்தேன். அப்பா மில் கூட்டாளிகளோடு அரட்டை.

அம்மா: "நீ அங்க எந்த வியாதிக்குத்தான் மருந்து கண்டுபிடிக்கிற?"

"மருந்து இல்லம்மா. ஒரு கட்டி எப்படி வளருதுன்னு பாக்கறோம்."

"எந்த எடத்துல கட்டி?"

அப்பா கேட்கும் தூரத்தில் இருந்தார். மார்பகம் என்று சொல்ல வராமல் துணி காயப்போடப் போய்விட்டேன். பி.எஸ்ஸி. படித்த வாய்.

5.10, வெள்ளி. தூறல்.

மறுபரிசோதனை ஆரம்பம். ஆறுமுகம் அண்ணன் காலையிலேயே எல்லா சாமானையும் இடத்தில் வைத்துவிட்டார். வெள்ளித்தாள் புட்டியும் குளிர்பெட்டியில். குப்பிகள் ஆறு: மூன்று வை.ஏ., மூன்று ஆல்கஹால்.

8.10, திங்கள்.

ஆறும் மஞ்சள்.

எண்ணினேன், சர்க்கரை பார்த்தேன், லாக்டிக் பார்த்தேன். வித்தியாசமே இல்லை.

சேகர்: "மொத தடவ கலங்கிப் போன கண்ணால பாத்திருப்ப. தூக்கம் வேணும் உனக்கு."

சார்: "தற்செயலா இருக்கலாம்மா. நடக்கறதுதான். பத்தொம்பதாம் தேதி கூட்டத்துல பலன் இல்லன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போவோம்."

வெள்ளிக்கிழமைக் கூட்டம்: வெளியூர் டாக்டர்களும் வருவார்கள். நாற்பது ஆண்கள்.

பஸ்ஸில் முழுக்க அந்த ஒரு சிவப்புக் குப்பி. நான் தூங்கிவழியவில்லை. எனக்குத் தெரியும்.

9.10, செவ்வாய்.

வாங்க வேண்டியவை: பேனா மை, அம்மாவுக்கு வெற்றிலை, ஊக்கு.

அந்தப் புட்டியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வெள்ளித்தாளைப் பிரித்தேன். கண்ணாடிமேல் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். அழகான வட்டப் பொட்டு.

தாளுக்கு மேலே இல்லை. தாளுக்கு உள்ளே.

உட்கார்ந்துவிட்டேன். வை.ஏ. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதற்குத்தான் வெள்ளித்தாள், அதற்குத்தான் குளிர்பெட்டி.

ஆறுமுகம் அண்ணனைக் கேட்டேன். அவர் குருசுக்குப்பம், அறுபதை நெருங்குகிறார், சாரை இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்து 'முசே' என்றுதான் கூப்பிடுவார்.

"ஆமா பாப்பா, பிரிச்சித்தான் வச்சேன். மொகத்த மூடிக்கினு இருந்தா பொட்ட எங்க வைக்கிறது? பூசையில வச்சத நடுவுல எடுக்கக் கூடாதுல்ல, அதான் வெள்ளிக்கிழமதான் எடுத்தேன். திரும்ப நல்லா சுத்தி வச்சிட்டனே!"

மூன்று நாள். ஜன்னலோரம். சீரியல் பல்புக்குப் பக்கத்தில்.

விஷயம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "முசே கிட்ட நானே சொல்லிடறேன்." வேண்டாம் என்றேன். புட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னது நான். ஏன் மூடி வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடியதும் நான்.

10.10, புதன். வெயில்.

சார் அறை வாசலில் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை உள்ளே. புட்டியை மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது, பொட்டெல்லாம் வச்சிருக்கு?"

சொன்னேன். அண்ணன் பெயர் சொல்லவில்லை, "பூசைக்கு நான்தான் சார் குடுத்தேன்" என்று மட்டும். சார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டையில் துடைத்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"ஆக, கெட்டுப்போன மருந்த வச்சு பலன் இல்லன்னு சொல்லப் பாத்தோம். அப்படியே முன்பக்கத்துல எழுது. சந்தனம், ஜன்னல், பல்பு, ஒண்ணு விடாம."

எழுதினேன். சீல் உடைக்காத வை.ஏ. பொடி ஒரே ஒரு குப்பி இருக்கிறது. அதுதான் கடைசி. சார் அலமாரிச் சாவியைக் கொடுத்தார்.

மதியம் ஆறுமுகம் அண்ணன் மைத்துனரின் போட்டோ ஸ்டுடியோவிலிருந்து சிவப்பு பல்பு கொண்டு வந்தார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியும் அவரே கட்டினார். மருந்தைக் கெடுக்காத அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பொடியைக் கரைத்தேன். ஆறு குப்பி. அறை வாசலில் அவர் காவல். சேகர் வந்தபோது காதில் விழுந்தது: "இப்ப யாரும் போகக் கூடாது சார். உள்ள பாப்பா வேல செய்யுது."

13.10, சனி. ராத்திரி முழுக்க மழை, காலையில் நின்றது.

செல்கள் இருக்கும் வெப்பப்பெட்டியின் கதவைத் திறக்குமுன் கண்ணை மூடிக்கொண்டேன். சின்னப் பிள்ளைபோல.

மூன்று மஞ்சள். மூன்று சிவப்பு.

குதிக்கவில்லை. எண்ணினேன். வை.ஏ. குப்பிகளில் செல் குறைவுதான், சார் சொன்னது சரி. ஆனால் வகுத்துப் பார்த்தாலும், ஒரு செல்லுக்கு என்று பார்த்தாலும், சர்க்கரை குறைவாகத் தின்கிறது, அமிலம் குறைவாகத் தள்ளுகிறது. மூன்றிலும். மறுபடி எண்ணினேன். அதே.

பிறகுதான் குதித்தேன். ஆறுமுகம் அண்ணன் மட்டும் பார்த்தார்.

15.10, திங்கள்.

சார் கணக்கு முழுவதையும் தானே போட்டுப் பார்த்தார். "இது நிக்கும்" என்றார். அவர் இதற்கு மேல் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. கூடவே எச்சரிக்கை: இது குப்பிக்குள் நடந்தது, உடம்புக்குள் அல்ல. ஏன் என்றும் இன்னும் தெரியாது. சரிதான்.

வெளியே வந்ததும் சேகர். "வெள்ளிக்கிழம நானே படிச்சிடறேன். அத்தன ஆம்பளைங்க முன்னாடி அந்த வார்த்தைய நீ எப்படி சொல்லுவ? சங்கடமா இருக்கும்." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டேன். எப்போதும்போல.

16.10, செவ்வாய்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வைட்டமின்னு சொன்னியே, அப்ப முருங்கக்கீர தின்னா சரியாப் போயிடுமா?"

"இல்லம்மா. கண்ணுக்கு நல்லது. இதுக்குக் கீர போதாது. கட்டின்னு தெரிஞ்சா உடனே டாக்டரப் பாக்கணும்."

அம்மா கை நின்றது. சின்னம்மா ஞாபகம், இரண்டு பேருக்கும். 'அந்த எடத்துல' என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் முந்தானையால் மூடி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்திருந்தது.

"மார்பகப் புற்றுநோய்ம்மா" என்றேன். "நான் பாக்கறது அதத்தான்." அப்பா கூடத்தில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"சத்தமாச் சொல்லு, காது மந்தம்" என்றார். அவ்வளவுதான். தறிச் சத்தத்தில் போன காது.

சத்தமாகச் சொன்னேன்.

18.10, வியாழன். நாளை கூட்டம்.

நீலப் புடவை இஸ்திரி. தாள்கள் அடுக்கியாயிற்று. சேகர் ஒரு பிரதி வாங்கிப் போய் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார், சிவப்பில்.

சார் பெயர், சேகர் பெயர், என் பெயர் மூன்றும் இருக்கிறது. அதில் குறை இல்லை.

நாலு மணி. சார் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் குடை. ஆறுமுகம் அண்ணன் அறையைப் பெருக்குவதுபோல நின்றார், ஏற்கெனவே பெருக்கியாயிற்று.

"என்னம்மா, எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார். ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு நானே நின்னு படிக்கறேன் சார்."