பூஜ்யம் இல்லையாம்

திருத்தணி,
14.3.1999

அன்புள்ள பரசுராமன் அண்ணாவுக்கு,

தங்கை காஞ்சனா வணக்கத்துடன் எழுதுவது. அண்ணியும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் எப்படி இருக்கிறார்கள்? இங்கே மாமனார் சௌக்கியம். உங்கள் சிநேகிதரான என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நீங்கள் சந்தோஷமாக அனுப்பிய பத்திரிகைத் துண்டு வந்தது. வெகு தூரத்தில் வெடித்த நட்சத்திரங்கள் நினைத்ததைவிட மங்கலாகத் தெரிகின்றனவாம், பிரபஞ்சம் வேகம் கூடிக்கொண்டே விரிகிறதாம், வெற்றிடத்தில் இருக்கும் ஏதோ ஓர் ஆற்றல் தள்ளுகிறதோ என்று சந்தேகிக்கிறார்களாம். படித்துவிட்டு, "பூஜ்யம் இல்லையாம் காஞ்சனா" என்றார். அவ்வளவுதான்.

அவர் ஆராய்ச்சியே அந்தப் பூஜ்யம்தானே அண்ணா? கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். வெறும் இடம்கூடச் சும்மா இருக்காதாம். குவாண்டம் கணக்குப்படி அதில் மலை மலையாக ஆற்றல் இருக்க வேண்டுமாம், ஆனால் உலகத்தில் அதைக் காணோமாம். ஏதோ ஒன்று அதை மிச்சமில்லாமல் கழித்துப் பூஜ்யமாக்கிவிடுகிறது, அது எதுவென்று நிரூபிக்கிறேன் என்று எத்தனை வருடம் உட்கார்ந்தார்! இப்போது துளி மிச்சம் இருக்கிறதாம். எங்கேயோ வெடித்த நட்சத்திரத்துக்கு என் வீட்டின் மேல் அப்படி என்ன கோபம்?

ஆராய்ச்சி முடிந்ததும் மலையில் முடி காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். போன வாரம் யாரிடமும் சொல்லாமல் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க தணிகைமணி சாதிச்சிட்டான்பா!" என்று தெருவெல்லாம் கூவி, சர்க்கரைப் பொங்கல் செய்யச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தனுப்பினார். பொதட்டூர்பேட்டைச் சொந்தக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு மாலையோடு வந்தார்கள். "பட்டம் வாங்கிகினு எங்கள மறந்துடாதபா" என்று கிண்டல் வேறு. எல்லா மாலைக்கும் இவர் தலை குனிந்தார், ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உண்மை தெரிந்த நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு, ஏங்க இப்படி என்று கேட்டேன். "முருகனுக்கு பாக்கி வைக்க வேணாம்னு தோணிச்சி" என்றார். கணக்கை முடித்துவிட்டுப் புறப்படுகிறவர் பேச்சாக இருந்தது அண்ணா.

அன்றிலிருந்து சரியான சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டு அவர் அறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். துருப்பிடித்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை.

அண்ணா, நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். அந்தத் துளி எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? நீங்கள் அனுப்பியதில் வரி வரியாகத் தேடினேன், இல்லை. யாருக்கும் தெரியாதென்றால் இவர் வேலை முடியவில்லைதானே? அப்படியானால் அதை இவருக்கு எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம். கணக்கை எழுதுங்கள், சண்டை போடுங்கள். கோபித்துக்கொண்டு உங்களுக்கு ஒரு பதில் எழுதினாரென்றால் எனக்கு அது போதும். பொய் மட்டும் எழுதாதீர்கள், முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். உண்மையாக எழுத ஒன்றுமே இல்லையென்றால் கடிதம் வேண்டாம், நீங்களே புறப்பட்டு வந்துவிடுங்கள் அண்ணா. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வீட்டுக்குத் தணிகை வேலன் துணையிருக்கட்டும். எங்கள் வீட்டுக்கும் இருக்கட்டும்.

தங்கை,
காஞ்சனா