நான்காவது தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உனக்குக் கால் வீக்கம் குறைந்ததா? ஆஸ்பத்திரியில் எந்நேரமும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், கட்டிலில் படுக்கும்போதாவது காலுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் பேசினால் உன் விடுதி அறையில் இருக்கும் மற்றப் பெண்களும் சேர்ந்து கேட்கிறார்கள். இங்கே என் வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சில விஷயங்களைக் காகிதத்தில் சொல்வதுதான் பத்திரம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

பள்ளிக்கூடத்தில்தான் வினை ஆரம்பித்தது. என் மூன்றாம் வகுப்புக்கு இப்போது விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கும் பாடம். பலகையில் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்துக்குள் என்ன வரும் என்று கேட்டேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில் பன்னிரண்டு என்றது. ஒரு கெட்டிக்காரன் மட்டும் பதினேழு என்றான். சமக்குறியைக் கண்டாலே பிள்ளைகளுக்கு விடை எழுதக் கை அரிக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஐந்து சும்மா உட்கார்ந்திருப்பதை எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு தராசை இரவல் வாங்கிவந்து, இரண்டு பக்கமும் கோலிக்குண்டு போட்டுக் காட்டிய பிறகுதான் ஏழு என்ற பதில் வந்தது.

பாடம் மனதில் பதியட்டும் என்று வீட்டுக் கணக்கு என ஒன்று ஆரம்பித்தேன். திங்கட்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு கணக்கு, அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். ஒரு எண்ணைக் கட்டம் போட்டு மறைக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிப்பார்கள். ஒருவன் செருப்புகளை எண்ணிக்கொண்டு வந்தான், ஒருத்தி ஜன்னல் கம்பிகளை. நம் சிட்டு என்ன கொண்டுவந்தாள் தெரியுமா? ராத்திரி சாப்பிட்டபின் அவள் துடைத்து வைக்கும் தட்டுகளை. அப்பா தட்டு ஒன்று, அண்ணன் தட்டு ஒன்று, என் தட்டு ஒன்று, கூட்டல் கட்டம், சமம் நான்கு.

உன் வீட்டில் இருப்பது அத்தான், பெரியவன், சிட்டு. மூன்று பேர். நீ போனபிறகு அங்கே இரவில் நான்காவது தட்டு எதற்கு?

முதலில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மூன்று தட்டு என்று எழுதினாள். அதற்கடுத்த வாரம் மறுபடி நான்கு. வாரம் விட்டு வாரம் ஒரு ஆள் வந்து சாப்பிட்டுப் போகிறது, அக்கா. உறவுக்காரர்கள் வந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. சிட்டுவை வராந்தாவில் தனியாக நிறுத்தி, அந்தத் தட்டு யாருடையது என்று நைசாகக் கேட்டேன். அவள் என்னைத் தலை நிமிர்ந்து பார்த்து, "கட்டத்துக்குள்ள என்ன நம்பர்னுதான் கேக்கணும், ஆளைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடத்தில் என்னைச் சித்தி என்று கூப்பிடக் கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். இப்போது அந்த டீச்சருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

அத்தான் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். வார்னிஷ் கறையோடு தன் மோட்டார் ரிப்பேர் கடையிலேயே பழியாய்க் கிடக்கும் மனிதருக்கு இஸ்திரி எதற்கு? நான் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்று மட்டும் சொல்கிறேன். நீ ஆழம் பார்த்து விசாரி. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

என்றும் உன் நன்மை நாடும்
தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் அழுதேன். அத்தானிடம் போனில் கேட்டாயாம். வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். ஒரு வார்த்தை தடுமாறியிருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருப்பேன்.

நானும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. போன வாரம் நான்கு தட்டு வாரம். வழக்கமாக ஞாயிறு காலையில்தானே உன் வீட்டுக்குப் போவேன்? இந்த முறை வேலை நாளில், சாயங்காலம் இருட்டியதும், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். வீட்டின் முன்பக்கத்துக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவன் என்னைக் கண்டதும், தெருக்கோடி வரை கேட்கும்படி, "அப்பா, சித்தி வந்திருக்காங்க" என்று கத்தினான். நான் என்ன மந்திரியா, இப்படி அறிவிப்பு கொடுக்க?

உள்ளே போனால் நான்கு தட்டுகள். மூன்றின் முன்னால் ஆள் இருக்கிறது. நான்காவதில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கிறது. பின்பக்கக் கதவு சாத்துகிற சத்தத்தை என் இரண்டு காதாலும் கேட்டேன். என்ன சத்தம் என்றேன். பூனை என்றான் பெரியவன். கதவைத் திறந்து வெளியே போய், வெளியிலிருந்து மெல்லச் சாத்திவிட்டும் போகிற பூனையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அத்தான் என் முகத்தைப் பார்க்காமல், மோட்டார் கொடுக்க வந்த ஒருவர் பசி என்று உட்கார்ந்தார், அவசரமாகப் போய்விட்டார் என்றார். பசி என்று உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து ஓடுவாரா? சிட்டு தட்டைப் பார்த்தபடி குனிந்தவள் நிமிரவே இல்லை. பிள்ளைகளையும் பொய்க்குப் பழக்கிவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறி, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை, ஊர் வம்பை விலைக்கு வாங்காதே என்றார். ஆம்பளைக்கு ஆம்பளை பரிந்து பேசாமல் இருப்பார்களா? பாவம், இவருக்குக் கள்ளம் கபடம் தெரியாது. பாட்டில் தொழிற்சாலை உண்டு, வீடு உண்டு என்று இருக்கிற ஆள். நேற்றுத் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் செம்புக் கம்பித் துண்டுகள் கிடந்தன. மிஷினோடு மிஷினாக இந்த வயதிலும் உழைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், நேரில் வந்து ஒரு முடிவு கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வேலைக்காக நீ எத்தனை ஆபீஸ் படி ஏறினாய் என்பதும், பெரியவனின் மேல்படிப்பு அதை நம்பித்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் குடும்பம் கையை விட்டுப் போனபிறகு வேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? வா அக்கா. நான் உன் பக்கம் நிற்கிறேன். நீ வரும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்புத் தங்கை

*

அக்கா,

வேலையை விடாதே. எழுதிக் கொடுத்திருந்தால் இந்த நிமிடமே போய்த் திரும்ப வாங்கிக்கொள். காரணத்தை அப்புறம் படித்தால் போதும். உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அம்மா லீவு முடிந்து நாளை கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டைத் தேடிப் பிடித்து, கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பி உட்கார நேரமில்லை. போனை எடுத்தால் எனக்குப் பேச்சு வராது.

இந்தத் திங்கட்கிழமை எண் தொடர் நடத்த வேண்டியிருந்தது. பாடமும் ஆயிற்று, உளவும் ஆயிற்று என்று எனக்கு ஒரு குயுக்தி தோன்றியது. சிட்டுவின் தட்டுக் கணக்குகளையே வரிசையாகப் பலகையில் எழுதினேன். 4, 3, 4, 3, 4, அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அடுத்து என்ன வரும் என்று கேட்டேன். ஒன்று விட்டு ஒன்று மாறுகிறது டீச்சர், மூன்றுதான் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். சிட்டு மட்டும் தூக்கவில்லை. அவளைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடுத்தேன். கட்டத்துக்குள் நான்கு என்று எழுதினாள். வகுப்பே சிரித்தது. தொடரின் விதி உனக்கு மட்டும் புரியவில்லையா என்று கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"விதி ஒன்னு விட்டு ஒன்னு இல்ல டீச்சர். செகண்ட் ஷிஃப்ட்னா நாலு. இந்த வாரமும் செகண்ட் ஷிஃப்ட்தானே?"

சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாரம் விட்டு வாரம் ஷிஃப்ட் மாறிப் போகிற இவர், அன்று காலையில்தான் தொழிற்சாலையில் ஆள் பற்றவில்லையாம், இந்த வாரமும் இரண்டாவது ஷிஃப்ட்தான் என்று, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அக்கா, இத்தனை நாளும் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது என் வீட்டுக்காரர். பிள்ளைகளை ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் வீட்டைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தவள், என் வீட்டுப் பக்கம் ஒரு தரமாவது திரும்பினேனா? சிட்டு மெதுவாக வந்து என் முழங்கையைத் தொட்டு, "சித்தி, நான் சொல்லல. கணக்குதான் சொல்லிச்சு" என்றாள். வகுப்பில் சித்தி என்று கூப்பிட்டதை நான் கண்டிக்கவில்லை.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடை ஓரமாகப் போய் நின்றேன். ஷட்டருக்குக் கீழே உள்ளே தெரிந்தது. இவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறார். பக்கத்தில் சிட்டு சுற்றுகளை எண்ணுகிறாள். அத்தான் அந்தக் கம்பிச் சுருளை வாங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், எல்லாவற்றையும் பிரித்துக் கையில் திருப்பிக் கொடுத்தார். இவர் மறு பேச்சுப் பேசாமல் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். நான் கூப்பிடவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அத்தானைத் தனியாகப் பிடித்தேன். இனி மறைத்துப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. இவர் வேலை பார்த்த பகுதியையே தொழிற்சாலையில் மூடிவிட்டார்களாம். பள்ளி திறப்பதற்கு முன்பே நடந்தது. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைத்தான் சம்பளம் போல என்னிடம் பிரித்துத் தந்து வந்திருக்கிறார். பழையபடி ஷிஃப்ட் நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, நேராக அத்தானிடம் வந்து தொழில் பழகுகிறார். அத்தான் ராத்திரிச் சாப்பாடு போடாமல் அனுப்புவதில்லை. இந்த வாரம் அவசர வேலையாகப் பம்பு மோட்டார்கள் வந்து குவிந்துவிட்டனவாம், அதனால்தான் விதி மாறியது. இஸ்திரிப் பெட்டிகூட யாரோ ரிப்பேருக்குக் கொடுத்தது. சரியாகிவிட்டதா என்று தன் சட்டைகளில் போட்டுப் பார்த்திருக்கிறார், உன் புருஷன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அத்தான் ஸ்பேனரைத் துணியால் வெகு நேரம் துடைத்தார். "நீ கேள்வி கேப்பியாம்மா. ஏன் போச்சு, உங்களை மட்டும் ஏன் அனுப்புனாங்க, நீங்க என்ன தப்பு பண்ணீங்கன்னு. சகலைகிட்ட அதுக்குப் பதில் இல்ல. கை பழகினதும் நானே சொல்லிக்கிறேன்னாரு" என்றார். என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீ போனில் கத்தியபோது ஒரே ஒரு வார்த்தை, சகலைதான் என்று சொல்லியிருந்தால் அத்தான் தப்பித்திருப்பார். அவர் சொல்லவில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "வந்தா சாப்பிடுற நேரத்துக்கு வந்திருப்பா. தட்டு யாருதுன்னு அவளே பாத்திருப்பா" என்றார். இந்த மனிதர் மேல் நான் என்னவெல்லாம் எழுதினேன். நீ அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், போனில் வழக்கம் போல அன்பாக இரண்டு வார்த்தை பேசு, அது போதும். குற்றம் என்னுடையது, நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன். என் பழைய கடிதங்களை நீ இன்னும் கிழிக்கவில்லை என்றால் இப்போது கிழித்துவிடு.

எனக்குத் தெரியும் என்பது இவருக்கு இன்னும் தெரியாது. அவராகச் சொல்லும்வரை நான் கேட்கப் போவதில்லை. அத்தானிடமும் சிட்டுவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். உனக்குச் சிரிப்பு வரும், என்னால் முடியுமா என்று. மத்தியான இடைவேளையில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது இவர் பையை எடுத்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்; கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பார்த்துப் போய்வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வாசல்வரை போனவர் நின்று, உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. இவருக்கு வயிற்றுப்புண் இருக்கிறது. அத்தானுக்குக் காரம் தூக்கலாக வேண்டும், அந்தச் சாப்பாட்டைத்தான் இவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறார். நான் சொன்னால், நான் அந்தத் தட்டைப் பற்றி இன்னும் விசாரிப்பதாக அத்தான் நினைத்துவிடுவார். நீ போனில் பேசும்போது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஏதாவது சாக்குச் சொல்லி, ராத்திரிச் சமையலில் காரத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்.

உன்
தங்கை