பாடர் வீட்டுச் சம்பந்தம்

என் ராணியக்காவுக்கு, எங்கே இருந்தாலும் காது கொடுப்பாய் என்ற துணிவில் எழுதுகிறேன்.

உன் ஆண்டுத் திவசம் வருகிறது, படத்தைப் போட்டு நாலு வரி அழுது எழுதித் தா என்று நினைவஞ்சலி போடுகிற பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். அழ எங்கே அக்கா நேரம்? நெஞ்சுக்குள் ஒரு பயத்தை வைத்துக்கொண்டு திரிகிறேன். ஒன்றரை வயது மூத்தவளாக இருந்தும் என்னை நீ, நான் என்று பழகவிட்டாய். அந்த உரிமையில் உன்னோடு கொஞ்ச நேரம் கதைக்கிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். இந்த இத்தாலிப் பலேர்மோவில் எங்கள் சனத்துக்குத் தெரியாமல் என்ன நடந்திருக்கிறது?

உன் ஆர்த்தி கலியாணம் செய்யப் போகிறாள். மாப்பிள்ளை ஜெர்மன்காரப் பெடியன், பெயர் யோனாஸ். துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் திருத்துகிறவன். இவள் வேலை செய்யும் ஹோட்டலில் வந்து தங்கியவன், பிறகு ஊருக்குத் திரும்பிப் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டான். பழுது சொல்ல முடியாத பிள்ளை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். என் நண்டுக் குழம்பில் கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக, இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டுவான்.

பயம் அவனைப் பற்றியதில்லை. அவனுடைய குடும்பப் பெயரைப் பற்றியது. பாடர்.

உனக்குத் தெரியுமே, சம்பந்தம் என்றால் விசாரிக்க வேண்டும். எந்த ஊர், யார் பிள்ளை, எப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்காமல் எங்களில் யார் பெண் கொடுத்தார்கள்? ஜெர்மனியில் அண்ணா இருக்கிறார்தானே. பெடியனின் ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் சொல்லி, மெல்ல விசாரித்துப் பாருங்கள் என்று நான்தான் கேட்டேன். ஆர்த்திக்குச் சொல்லவில்லை.

அண்ணாவோடு வேலை செய்கிற ஒருவர் அந்த ஊருக்குப் பக்கமாம். அவர் சொன்னாராம், பாடரா, தெரியுமே, பெருங்குடிகாரன், பெண்சாதி விட்டுவிட்டுப் போய்விட்டாள், வீடும் ஏலத்தில் போனது என்று. பெடியனுடைய அப்பன் குடிகாரன் என்று முடிவே கட்டிவிட்டேன். அடுத்த முறை யோனாஸ் சாப்பிட வந்தபோது பொறுக்க முடியாமல், அப்பாவும் அம்மாவும் ஒன்றாகத்தான் இருக்கிறார்களா என்று கேட்டும்விட்டேன். ஆர்த்தி முறைத்துக்கொண்டே அதை இத்தாலியனில் சொன்னாள். ஏன் கேட்கிறேன் என்று என்னிடமிருந்து முழுக்கதையையும் கறந்ததும், பெடியன் விழுந்து விழுந்து சிரித்தான். தென் ஜெர்மனியில் அந்தப் பெயர் தாராளமாம். அவன் வகுப்பிலேயே வேறு பாடர்கள் இருந்தார்களாம், ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தக் குடிகாரப் பாடரை அவனுக்கும் தெரியும், ஆனால் அவர் யாரோ.

நான் என்ன செய்ய? எங்களில் இரண்டு பேருக்குக் கடைசிப் பெயர் ஒன்று என்றால், ஒரே தகப்பன் பெற்ற பிள்ளைகள் என்றுதானே அர்த்தம். உனக்கும் எனக்கும் நாகலிங்கம். இங்கே தபால்காரன் கீழே நின்று அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடும்போது இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எங்களுக்குப் பெயர் அப்பாவோடு தொடங்கி எங்களோடு முடிகிறது. இவர்களுக்குப் பல நூறு வருடமாக ஒரே பெயர் இறங்கி வருகிறது என்பது என் மண்டைக்குள் ஏறவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நான் உன்னை எழுப்பியிருக்க மாட்டேன். அண்ணா சும்மா இருக்காமல் அந்தப் பெயருக்குக் கருத்துத் தேடினார். பிறகு எனக்குப் போன் எடுத்தார்.

"உவையளின்ரை பேருக்கு என்ன கருத்தெண்டு தெரியுமோ? அந்தக் காலத்திலை ஊருக்குப் பொதுவாக் குளிக்கிற வீடு இருந்ததாம். அதிலை சனத்தைக் குளிப்பாட்டி, தலைமயிர் வெட்டி, சவரம் செய்துவிடுற ஆக்கள்தான் பாடர். இப்ப விளங்குதோ, உது என்ன சாதியெண்டு?"

"அண்ணை, அது எந்தக் காலத்துக் கதை? வெள்ளைக்காரனுக்கு எங்கையிருந்து சாதி?"

"இருந்திருக்கு. அங்கையும் உவையளோடை ஒருத்தரும் சம்பந்தம் வைக்கிறேல்லையாம். நான் வாசிச்சனான். சனம் கேட்டா நான் என்ன சொல்லுறது? நானும் உன்ரை அண்ணியும் தாரை வார்க்க வரமாட்டம். நீ பெட்டைக்குச் சொல்லு."

அக்கா, சாதியை ஊரோடு விட்டுவிட்டு வந்தோம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வோம். எவ்வளவு பொய். அண்ணா சொன்னதைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது கோபம் என்று எழுத ஆசைதான். ஆனால் கோயிலில் என்ன கதைப்பார்கள் என்ற நினைப்புத்தான் முந்திக்கொண்டு வந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அண்ணாவின் பக்கம் நின்றிருப்பாயா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கலியாணத்தில் பெண்ணைத் தாரை வார்க்க ஒரு தம்பதி வேண்டும். அத்தான் ஊரில் நடந்த கடைசி யுத்தத்தோடு இல்லாமல் போனார். நீயும் போய்விட்டாய். நான் கலியாணமே கட்டாதவள். அண்ணாவும் அண்ணியும் வந்து நின்றால்தான் உண்டு. இதை நான் ஆர்த்திக்கு எப்படிச் சொல்வேன்? மாமாவுக்கு லீவு கிடைப்பது கஷ்டமாம் என்று மழுப்பினேன். உண்மை தெரிந்தால் இந்தப் பிள்ளை என்ன செய்வாள்? பெடியனோடு ஜெர்மனிக்கோ எங்கேயோ போய், எங்கள் முகத்திலேயே முழிக்காமல் இருந்துவிட்டால்? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த நிலையில்தான் அவனுடைய தாயும் தகப்பனும் எங்களைப் பார்க்க வந்து இறங்கினார்கள். போன ஞாயிறு ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். தகப்பன் பஸ் ஓட்டுகிற மனிதன், பெரிய வயிறும் பெரிய சிரிப்பும். தாய் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வேலை. நான் உன் நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கலியாண நாளைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு எழும்பிவிட வேண்டும், பெயர்ப் பேச்சே வரக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பிள்ளையார் கேட்கவில்லை. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் என்று ஆர்த்தி எதற்கோ சொல்லிவைத்தாள். அந்த மனிதனுக்கு அது பெரிய புதினமாகிவிட்டது. உடனே தன் பெயரின் கதையைத் தொடங்கிவிட்டார். அவர் ஜெர்மனில் சொல்ல, யோனாஸ் இத்தாலியனில் சொல்ல, ஆர்த்தி எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்குத் தமிழே தேவைப்படவில்லை. அவர் கத்தியால் கன்னத்தை வழித்தார், குறட்டால் பல்லைப் பிடுங்கினார், யோனாஸின் தலையில் வெறும் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றினார். எல்லாம் நடிப்பில். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

"காயத்துக்கு மருந்து கட்டுறது, கெட்ட ரத்தம் எடுக்கிறது எல்லாம் அவைதானாம் சின்னம்மா. ஆனா மற்றத் தொழில்காரர் அவையைச் சேர்க்கமாட்டினமாம். பொம்பிளை குடுக்கமாட்டினமாம். எவ்வளவு விசர் என்ன?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் வாயில் வைக்கப்போன மட்டிச் சதையைத் திரும்பக் கோப்பையில் வைத்தேன். "ஏன் சின்னம்மா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். வெயில் என்றேன்.

அதற்குள் தகப்பன் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வயது போன ஒரு சிஞ்ஞோராவை, இந்த ஊர் அம்மா ஒருவரை, பார்க்கிறேன் என்றேன். பார்ப்பது என்றால் என்ன செய்வீர்கள் என்றார். விடுகிற ஆள் இல்லை.

"குளிக்க வார்க்கிறனான். தலை சீவி இழுத்துவிடுறது, மயிர் வளர்ந்தா வெட்டிவிடுறது. நகம் வெட்டுறது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுறது."

ஆர்த்தி சொன்னாள். யோனாஸ் சொன்னான். மனிதர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். மேசைக்கு மேலால் எட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரே ஒரு சொல் சொன்னார். பாடர். பெண்சாதியிடமும் திரும்பி என்னைக் காட்டி, பாடர் என்றார். அந்த மனுஷியும் சிரித்துத் தலையாட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுட்டது. எங்களை இவன் எந்தக் கூட்டத்தில் சேர்க்கிறான் என்ற ஆங்காரம்தான் வந்தது. நாகலிங்கத்தின் மகளைப் பார்த்து. அப்படித்தான் அக்கா நினைத்தேன். உனக்கு ஒளித்து என்ன ஆகப்போகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆர்த்தி யோனாஸின் தோளில் நித்திரையாகிவிட்டாள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடைசி மாதங்கள் ஞாபகம் வந்தன. அந்த ஒடுக்கமான குளியலறையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உன்னை இருத்துவேன். தண்ணீர் சுடுகிறது என்பாய், கொஞ்சம் ஆற்றினால் குளிர்கிறது என்பாய். புற்றுநோய் மருந்தால் கொட்டிப் போனது போக மிஞ்சிய மயிரையும் வழித்துவிடு என்று நீதான் கேட்டாய். அழாமல் வழித்தேன். ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடிய பிறகும், வேறு ஒருத்தரும் தொடக்கூடாது என்று சண்டை பிடித்து உன்னை நானே கழுவித் துடைத்தேன். உன் காதுக்குப் பின்னால்கூட. அப்போது என்ன சாதி நான்?

நாங்கள் இருக்கிற போர்கோ வெக்கியோவில் பஸ்ஸால் இறங்கியதும் பிள்ளைகளை முன்னுக்குப் போகச் சொல்லிவிட்டு, மரக்கறிக்காரனின் மூடிய கடைக்குப் பக்கத்தில் நின்று அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். வழியில் யோசித்து வைத்த நயமான பேச்செல்லாம் மறந்துபோய்விட்டது.

"அண்ணை, அக்காவை ஆர் குளிப்பாட்டினது?"

"என்ன கேக்கிறாய்?"

"அக்காவுக்கு ஏலாமல் கிடக்கேக்கை ஆர் குளிப்பாட்டினது? மொட்டை வழிச்சது ஆர்? செத்த பிறகு கழுவினது ஆர்? நீங்கள் பிளேனாலை வந்து பார்க்கேக்கை அவ பவுடர் பூசி, பொட்டு வைச்சு, வடிவாக் கிடந்தவ எல்லே. அது தன்பாட்டிலை வந்ததோ?"

"அது வேறை. சகோதரத்துக்குச் செய்யிறது வேறை, தொழிலாச் செய்யிறது வேறை."

"நான் தொழிலாவும் செய்யிறன். அக்காவும் தொழிலாச் செய்தவ. அந்தக் காசிலைதான் ஆர்த்தி படிச்சது. அப்ப எங்கடை பெட்டையை ஆரும் எடுக்கப்படாதோ?"

அண்ணா அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, பார்ப்பம் என்றார். பிறகு வைத்துவிட்டார். நம் அண்ணாவின் "பார்ப்பம்" உனக்குத் தெரியாததா? வாறன் என்பதற்கும் அதுதான், வரமாட்டன் என்பதற்கும் அதுதான். அன்றைக்குப் பிறகு போன் இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கக் கை வரும், பிறகு வேண்டாம் என்று வைத்துவிடுவேன்.

நேற்றுப் பின்னேரம் ஆர்த்தி சமையலறைக்கு வந்தாள். தாரை வார்க்கிறவர்களின் பெயரைக் கோயில் ஐயர் கேட்கிறாராம். மாமாவுக்கு லீவு கிடைத்துவிட்டதா என்றாள். இனியும் பொய் சொன்னால் வேறு வாயால் கேள்விப்படுவாள் என்று முழுவதையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்து என்னையே பார்த்தாள். உன் கண்.

"நீங்களும் அப்பிடித்தான் நினைச்சனீங்களோ, சின்னம்மா?"

"ஓம். கொஞ்ச நாள்."

எழும்பிப் போய்விட்டாள். அறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது, நான் நின்ற இடத்தில் நின்றேன். போய்த் தட்டவா, விடவா? நீயென்றால் தட்டியிருப்பாய். எனக்குப் பயம் அக்கா. பெட்டியை அடுக்குகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கன நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"அல்லோரா, அப்ப சரி, ஐயருக்கு ஆரின்ரை பேரைச் சொல்ல?"

"என்ரை பேரைச் சொல்லு."

"தனிய நிக்கிற பொம்பிளை செய்யேலாது எண்டுவார்."

"ஏன் ஏலாது? செம்பைச் சரிச்சுத் தண்ணி வார்க்கிற வேலைதானே. நான் ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை. அவர் ஏலாதெண்டா, அவர் இல்லாமல் செய்வன்."

அவள் சிரிக்கவில்லை. அடிப்பிடித்த சட்டியை என் கையிலிருந்து வாங்கித் தேய்க்கத் தொடங்கினாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐயர் இன்னும் பதில் சொல்லவில்லை. சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. கோயிலில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இரவில் நித்திரை இல்லை, பகலில் பசி இல்லை. நான் துணிந்தவள் இல்லை அக்கா, உனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். கலியாணத்தன்று உன் மகளின் கையைப் பாடர் வீட்டுப் பிள்ளையின் கையில் நான் வைப்பேன். அண்ணா வந்தால் பக்கத்தில் இடம் இருக்கும், வந்து நிற்கட்டும். வராவிட்டாலும் தண்ணீர் விழும்.

உன் கூடப்பிறந்தவள்,
ஆர்த்தியின் சின்னம்மா,
தேவி