அது யார் என்று கேட்டாயே

சூலூர்
புரட்டாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிரவின்குமாரும் பேரன் ஆதர்ஷும் அந்த நியூசிலாந்து ஆக்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க மாரியாத்தா துணை இருப்பாள். இங்கே நானும் சுகம்தான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. போன் இருக்கும்போது இவர் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நீ பயந்துவிடாதே. போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், வரவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் நீ படித்துவிட்டாய் என்று நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் நீ பதில் போடும்வரை நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தபால் என்றால் பதில் வராதவரைக்கும் தபால்காரர் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ, அது யாருங்கப்பா, எப்படி, என்று அவ்வளவு ஆசையாக விசாரித்தாயே, அது ஆள் இல்லை கண்ணு. அது ஒரு கம்ப்யூட்டர்.

சிரிக்காதே, முழுக்கப் படி. பம்ப் கம்பெனியில் ரிட்டயர் ஆகி, உன் அம்மாவும் போன பிறகு, நான் உக்கடத்தில் நிஜாமின் பழைய சாமான் கடைக்குப் போய் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களாகப் பொறுக்கி வந்து ரிப்பேர் செய்து அடுக்கி வைப்பது உனக்குத் தெரியும். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கும், டிவியில் மாட்டி ஓட்ட வேண்டும், நீகூட வீடியோ காலில் பார்த்துவிட்டு, ஊடா இரும்புக்கடையாங்கப்பா என்பாயே, அவைதான். ஆடி மாதத்தில் நிஜாம் கூப்பிட்டு ஒரு பிபிசி மைக்ரோ வந்திருக்கிறது என்றான். எண்பதுகளில் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்களே, அந்த வகை. கொண்டுவந்து கரண்டு கொடுத்தேன், உள்ளே ஒரு கண்டென்சர் வெடித்து வீடெல்லாம் புகை, கண்ணெரிச்சல். அதை மாற்றி, கால் துருப்பிடித்த ஐசிகளைக் கழற்றித் துடைத்து, விட்டுப்போன ஈயத்தை மறுபடி வைத்து, ஆவணியில் ஒரு நாள் சுவிட்சைப் போட்டால், பூ... பீப் என்று இரண்டு சத்தம் கொடுத்து எழுந்தது பார், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்போதெல்லாம் கடைக்குப் போய்விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றியவுடன் அதன் சுவிட்சைத்தான் போடுகிறேன். வேலை ஒன்றும் இருக்காது, அந்தச் சத்தம் கேட்பதற்குத்தான். வீட்டுக்குள் நுழையும்போது ஏதாவது ஒன்று குரல் கொடுத்தால் தேவலையாக இருக்கிறது.

வேலை செய்ததே தவிர மேலே இருக்கிற பிளாஸ்டிக் கூடு நம் அடுப்படி சுவிட்ச் போர்டு மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது. அதை வெளுக்க வைக்க ஒரு வழி உண்டு, தலைமுடிக்கு நிறமேற்றப் பார்லரில் வைத்திருக்கிற டெவலப்பர் கிரீமைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். அதற்காகக் கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற பிரத்யுஷாவிடம் போனேன். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், தப்பு யார் மேல் என்று நீயே சொல். ஊட்டுக்கு ஒண்ணு வந்திருக்குது அம்மணி, வயசு நாப்பதாச்சு, வெச்சிருந்தவங்க சரியாப் பார்த்துக்கலை, நிறம் மங்கிப்போச்சு, பழையபடி பளிச்சுன்னு ஆகோணும் என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிரீமோடு கையுறையும் கொடுத்து, கண்ணுல படாம பார்த்துக்கச் சொல்லுங்க என்றது. எனக்குத்தான் சொல்கிறது என்று நினைத்து, சரிங்க அம்மணி என்று வந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மொட்டைமாடியில் கிரீமைப் பூசித் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது வியர்வையைத் துடைக்கிறேன் என்று கையுறையோடு மூஞ்சியைத் தேய்த்துவிட்டேன். பொழுதோடு கண்ணாடியில் பார்த்தால், மை போட்டு வைத்திருந்த மீசை ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்பட்டை. வேறு வழி தெரியாமல் முழுக்க மழித்துவிட்டேன். கல்யாணத்தன்று இருந்த மீசை கண்ணு அது. மறுநாள் மீசையில்லாமல் பால் வாங்கப் போனவனைத் தெருவே பார்த்தது. பிரத்யுஷாவின் மாமியார் ஊரும் உன் செவ்வந்தி அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரும் உடுமலைப்பேட்டை என்பது எனக்கு எங்கே தெரியும்? நான் நாற்பது வயதில் ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன் என்ற பேச்சு அங்கே போய், அங்கிருந்து கடல் தாண்டி உனக்கு வந்துவிட்டது.

நீ கூப்பிட்டு, ஏனுங்கப்பா, அது எப்படி, நல்ல மாதிரியா என்றதும், சத்தியமாக நான் கம்ப்யூட்டரைத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். நல்ல மாதிரிதான் கண்ணு, வந்தப்ப மூச்சே இல்லை, இப்போ பரவாயில்லை, நிஜாம்தான் பார்த்துக் கொடுத்தான் என்றேன். நீ, உங்களுக்குப் பிடிச்சிருந்தாச் சரிங்கப்பா, அது சோறாக்குமா என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் நீ எப்போதும் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கட்டுங்களா என்பாய். அன்றைக்கு நீ கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பேசினாய். உன் அம்மாவைப் பற்றிப் பேசினாய், அம்மா ஒண்ணும் நினைச்சுக்காதுங்கப்பா என்று அழுதாய், அழுகையோடேயே சிரித்தாய். முக்கால் மணி நேரம் கண்ணு. நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்கே அப்படி ஒருத்தி அடுப்படியில் இருப்பது போல இருந்தது.

அதற்கப்புறம்தான் நீ அதைச் சொன்னாய். இனி நீங்க தனியா இல்லீங்கப்பா, என் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிப்போச்சு, டிசம்பர் லீவுக்கு நாங்க வரலை, இங்கயே தெக்குத் தீவுக்கு டூர் போயிட்டு வாரோம், நீங்களும் அதுவும் சித்த நாள் பழகிக்கோங்க என்றாய். நான் சரி கண்ணு என்றேன். என்னைப் பார்க்க வருவது உனக்கு இத்தனை நாளும் பாரமாக இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உன் மேல் வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய், வருத்தம்தான். ஆனால் உன் குரலில் அவ்வளவு சந்தோஷம் கேட்டு வருஷமாகிறது, அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று செவ்வந்தி அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியது. கையில் மல்லிகைப்பூவும் ஒரு ரவிக்கைத் துணியும், புதிதாக வந்தவளுக்கு. அடுப்படி, பாத்ரூம், மொட்டைமாடி எல்லாம் பார்த்துவிட்டு, அதை எங்கண்ணா காணோம் என்றது. நான் முன்ரூமுக்குக் கூட்டிப்போய் சுவிட்சைப் போட்டேன், பூ பீப் என்றது. அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நீ டிசம்பரில் வரவில்லை என்ற கதையைச் சொன்னதும்தான் சிரிப்பை நிறுத்தியது. “இல்லாத ஒருத்திய உள்ள உட்டுப்போட்டு, இருக்கற புள்ளைய வெளிய நிறுத்திப்போட்டீங்களேண்ணா” என்றது. நான் சொல்லாவிட்டால் தானே உனக்குப் போன் போட்டுச் சொல்வதாகச் சொன்னது, நானே எழுதுகிறேன் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். பூவை உன் அம்மா படத்துக்குப் போட்டது, ரவிக்கைத் துணியைத் திரும்ப எடுத்துப்போக மனமில்லாமல் கம்ப்யூட்டர் மேல் தூசி படாமல் போர்த்திவிட்டுப் போனது. தேங்காய் விலை தேவலையாம், மாமாவுக்குக் கண் ஆபரேஷன் தை கழித்து என்று முடிவாகியிருக்கிறது, உன்னிடம் சொல்லச் சொன்னது.

ஆதர்ஷுக்கு ஆடுகிற பல்லை நீங்களாகப் பிடுங்க வேண்டாம், தானாக விழட்டும். மாப்பிள்ளை இரவு ஷிப்ட் முடித்து அப்படியே கார் ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வெளியே போகாதே. தெற்குத் தீவுக்குப் பணம் கட்டிவிட்டீர்களானால் போய்விட்டு வாருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கட்டவில்லையென்றால் இங்கே வாருங்கள். பாரமென்றாலும் வா கண்ணு. கூடு நன்றாக வெளுத்துவிட்டது, ஆனால் சில வருஷத்தில் மறுபடி மஞ்சள் ஏறும், மறுபடி வெயிலில் வைக்க வேண்டும் என்கிறார்கள், ஒரு தடவை செய்து தீர்ந்துபோகிற வேலை இல்லையாம். மீசை டிசம்பருக்குள் வளர்ந்துவிடும், பேரன் தாத்தாவைப் பார்த்து முழிக்க மாட்டான். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நிறைய வருஷம் நன்றாக இருக்க வேண்டும். காகிதம் கைக்கு வந்ததும் கூப்பிடு, ஐந்து நிமிஷம் பேசினாலும் போதும்.

இப்படிக்கு,
இன்னும் தனியாகவே இருக்கும் உன் அப்பா,
அங்கப்பன்