தமிழ் ஓடாத கொம்பியூட்டர்

உ
சிவமயம்

நாரந்தனை,
02.04.1989

அன்புள்ள மகன் குகதாசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நயினை அம்பாளின் காவலில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை ஒவ்வொரு கடிதத்திலும் முறைக்குக் கேட்டு எழுதுகிறவன்தான், இம்முறை முறைக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன், கடைசிவரை வாசித்தால் ஏனென்று உனக்கே விளங்கும். உன்னுடைய மாசி மாதக் கடிதம் பங்குனி தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது. உறையின் பசை ஒரு பக்கம் கிளம்பியிருந்தது, வழியில் யாரோ திறந்து பார்த்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று தபால்கார முருகேசுவிடம் சொன்னேன். 'அண்ணை, உங்களுக்குப் பறக்கிற காகத்திலையும் சந்தேகம்' என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டான். சிரிக்கட்டும். மாத்தறையில் அத்தனை வருடம் கடை நடத்தினவனுக்குச் சந்தேகம் தொழிலோடு வந்த குணம். சாமான் வாங்க வருகிறவர் சொல்வதைக் காதால் கேட்டுக்கொண்டு கண்ணால் அவருடைய கையைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் பழகினது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து போனது, இந்தக் குணம் மட்டும் என்னோடு கப்பலேறி ஊருக்கு வந்துவிட்டது. பக்கத்து வளவுத் தம்பையா போன கிழமை வேலி அடைத்தபோது இரண்டு கதிகாலை எங்கள் பக்கம் தள்ளி நட்டிருக்கிறான், கேட்டால் காற்றுக்குச் சரிந்ததாம். பங்குனியில் இஞ்சே எங்கே காற்று? அதை விடு, வேலியைப் பற்றி எழுதவா இந்தக் கடதாசியை எடுத்தேன்.

நீ கனடாவுக்குப் போன புதிதில் நீல எயர்மெயில் கடதாசியில் விளிம்பு வரை நெருக்கி நெருக்கி எழுதுவாய், ஒட்டுகிற இடத்தையும் விடமாட்டாய். அம்மா வாசிக்கத் தொடங்க முன் மேலே நீ போட்டிருக்கும் பிள்ளையார் சுழியில் ஒருதரம் விரலை வைத்து எடுப்பாள், அதற்குப் பிறகுதான் கண்ணாடியைத் தேடுவாள். ஆவணியில் இருந்து அச்சடித்த கடிதங்கள் வரத் தொடங்கின. உன்னோடு ஒரே அறையில் இருக்கிற அனலைதீவுப் பெடியன் பரமலிங்கம் கொம்பியூட்டர் படிக்கிறான், பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கித் தமிழ் எழுதுகிற புறோகிறாமும் தானே செய்து வைத்திருக்கிறான் என்று நீ எழுதியதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சங்கக் கடையில் காட்டினேன், கோயில் வீதியில் காட்டினேன், பேப்பர் எழுத்துப் போல இருக்குது என்று எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் தடவிப் பார்க்கவில்லை. சுழியையும் மெஷினே போட்டிருந்தது, அவள் அதில் விரல் வைக்கவில்லை, வாசித்து மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவளுக்கு மெஷின் பிடிக்கவில்லையாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த மாசிக் கடிதமோ இங்கிலீசில். பரமலிங்கம் கொம்பியூட்டரின் ஒப்பரேற்றிங் சிஸ்டத்தைப் புதுசாக மாற்றிவிட்டான், மாற்றிய பிறகு பழைய தமிழ்ப் புறோகிறாம் அதில் ஓடுவதில்லை, அவன் திருத்தி முடிக்கும் வரை கடிதங்கள் சுணங்கும், வந்தாலும் இங்கிலீசில்தான் வரும், யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். யோசிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தில்தான் நான் யோசிக்கத் தொடங்குவேன். அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது என்று தெரிந்தும் அவளுக்கு இங்கிலீசில் எழுதுகிற பிள்ளையை நான் பெறவில்லை. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போக அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். முடிந்ததும் 'வேறை ஒண்டும் எழுதேல்லையோ' என்று மட்டும் கேட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் உன்னை நம்பவில்லை. தைப்பொங்கலுக்குத் தமிழ் எழுதின மெஷின் மாசியில் எப்படித் தமிழை மறக்கும்? முருகேசுவிடம் வாய்விட்டுச் சொன்னது என் பிழை, அவன் உடனே 'அண்ணை, பெடியன் ஆரோ வெள்ளைக்காரியைக் கட்டிப்போட்டான், அவள் தமிழிலை எழுத விடுகிறாளில்லைப் போலை' என்று முடிவே கட்டிவிட்டான். அதையும் ஒரு கிழமை மனதில் போட்டு உருட்டினேன். பிறகு, ஊகம் பேசிப் பயனில்லை, சொன்ன காரணம் உண்மையா பொய்யா என்று முதலில் பார்ப்போம் என்று யாழ்ப்பாணம் போனேன். ஆஸ்பத்திரி றோட்டுக்குப் பின் ஒழுங்கையில் மனோகரி என்றொரு பிள்ளை கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறாள், இந்தியாவில் படித்துவிட்டு வந்தவள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னாள், மெஷினுக்குத் தூசு ஆகாதாம். என்ன படிக்கப் போறியள் ஐயா என்று கேட்டாள். படிக்க வரவில்லைப் பிள்ளை, ஒரு கதை சரியோ பிழையோ என்று கேட்க வந்தனான் என்று சொல்லி உன் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் காட்டினேன்.

அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். 'உண்மைதான் ஐயா, எங்களுக்கும் இதே வில்லங்கந்தான்' என்றாள். மெஷினை எழுப்பி நடத்துகிறது அந்த ஒப்பரேற்றிங் சிஸ்டம்தானாம், மற்றப் புறோகிறாம் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றனவாம். 'புதிசு தனக்கே கனக்க இடம் பிடிச்சுக்கொள்ளும், பழைய புறோகிறாமுக்கு மிச்சம் காணாது. பெடியள் வீட்டிலை செய்யிற புறோகிறாம் எண்டால் இன்னும் கஷ்டம், அதுகள் பழைய சிஸ்டத்தின்ரை போக்கைப் பாத்து எழுதினது' என்று சொன்னாள். எனக்கு இது சுகமாக விளங்கியது, புது மருமகன் வந்து விறாந்தை முழுவதையும் பிடித்துக்கொண்டால் மாமனாருக்குப் பாய் போட இடமிராது, அவ்வளவுதான். ஆனாலும் கண்ணால் காணாமல் எழும்புகிற ஆளில்லை நான். அவள் தன் வகுப்பில் புள்ளி போடுகிற பழைய புறோகிறாமைப் புதுச் சிஸ்டத்தில் தொடக்கிக் காட்டினாள், ஏதோ இங்கிலீசில் இடம் போதாது என்று ஒரு வரி வந்தது, அதோடு மெஷின் மரம் போல நின்றுவிட்டது. இன்னொருதரம் செய்யச் சொன்னேன். திரும்பவும் அப்படியே நின்றது. இவளுக்கும் உனக்கும் ஒரு தொடர்பும் இருக்க முடியாது, ஆகவே நீ சொன்ன காரணம் உண்மை என்று ஒப்புக்கொண்டு எழும்பினேன்.

எழும்புகிற நேரம்தான் அவள் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, பழைய சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கை எறிந்திருக்க மாட்டார்கள், அதைப் போட்டு மெஷினைத் தொடக்கினால் பழையபடி தமிழ் ஓடும், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேர வேலை என்றாள். பரமலிங்கத்திடம் அதைச் சொல், அவனுக்குத் தெரியாமலிராது, ஆனாலும் சொல். மற்றது அவள் சும்மா கேட்டது. 'ஏன் ஐயா, அதுவரைக்கும் மகன் கையாலை எழுதலாந்தானே, பேனைக்கு உந்தச் சிஸ்டம் ஒண்டும் தேவையில்லையே' என்றாள். ஓம் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன், சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு றோட்டு வரை நடந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தடியில் இந்திய ஆமிக்காரர் பஸ்ஸில் இருந்து எல்லோரையும் இறக்கிக் கையைக் காட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போன ஒரு மனிதர் வலக்கையில் துணி சுற்றியிருந்தார், அவிழ் என்று நிறுத்திவிட்டார்கள். மீன்முள் குத்திச் சீழ் பிடித்து வீங்கின கை, பாவம், நோவோடு ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். ஆமிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் திருப்பவில்லை தாசன், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், போ போ என்று பின்னால் தள்ளும்வரை நின்றேன். உன் கடிதத்தில் இருந்த சொல்லைச் சரிபார்த்த நான் உன் கையைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மேல் கழுவாமல் அலுமாரியைத் திறந்தேன். மார்கழியில் ரொறன்ரோவில் இருந்து வந்து நின்ற என் அக்கா மகள் இரஞ்சிதம் தன் மகளின் கலியாணப் படங்கள் கொண்டுவந்து தந்தாளல்லவா, அதில் நீ நிற்கிற படங்களை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பந்தியில் எல்லோரும் வலக்கையால் சாப்பிடுகிறார்கள், நீ மட்டும் இடக்கையில் கரண்டி வைத்திருக்கிறாய், வலக்கை கோட்டுப் பைக்குள். சாப்பாட்டுப் பழக்கம் மாறியிருக்கலாம் என்று விடலாம். மற்றப் படத்தில் கலியாணப் பொம்பிளைக்குப் பரிசு கொடுக்கிறாய், அதையும் இடக்கையால் கொடுக்கிறாய். கலியாண வீட்டில் இடக்கையால் கொடுக்கிற பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை. சின்ன வயதில் விபூதித் தட்டை இடக்கையால் நீட்டினதற்கே அழுதழுது மன்னிப்புக் கேட்டவன் நீ. அதுவும் கோட்டுப் பைக்குள்ளேயே அந்தக் கை. அப்போதுதான் மற்றதெல்லாம் வரிசைக்கு வந்து நின்றது. ஆடி வரை பெட்டி செய்கிற பக்டரியைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தாய், மட்டையை அமத்துகிற மெஷின், அதன் சத்தம், இரவு வேலை என்று. ஆவணியில் அச்சுக் கடிதம் தொடங்கினது, பக்டரி அதோடு மறைந்தது. அவன் வேலைக்குப் போறவனோ என்று இரஞ்சிதத்தைக் கேட்டபோது, 'ஓம் மாமா, போறவர்தான்' என்று பார்சல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கயிற்றில் அப்படி என்ன இருந்தது?

நீ பொய் சொல்லவில்லை, அதை நான் மனோகரி வீட்டிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரு உண்மையை எடுத்து வேலி போல அடைத்து அதற்குப் பின்னால் நிற்கிறாய், தம்பையாவை விட நன்றாக அடைத்திருக்கிறாய். இனி நேராகக் கேட்கிறேன். கைக்கு என்ன நடந்தது? எவ்வளவு போயிற்று, எவ்வளவு இருக்கிறது? நோகிறதா? ஆர் சமைக்கிறது, ஆர் உடுப்புத் தோய்க்கிறது? எங்களுக்குச் சொன்னால் தாங்கமாட்டோம் என்று நினைத்தாயா? சொல்லாமல் இருந்ததுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது மகனே. அந்த நாட்டில் காயப்பட்டுத் தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய், அந்தக் காயம் ஆற முன்னமே நான் இங்கே உன் அச்சுக் கடிதத்தைக் கோயில் வீதியில் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை நினைத்து எனக்கு இந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை.

இதை அம்மாவுக்குத் தெரியாமல்தான் எழுதத் தொடங்கினேன். சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதுகிறேன் என்று சொல்லி மேசையில் இருந்தேன், வழமையாக நான் எழுதுகிற முறைப்பாடுகளின் தொகைக்கு அவள் நம்பியிருப்பாள் என்று எண்ணினேன். மேலே எழுதினவரைக்கும் வந்தபோது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கடதாசியைக் கையால் மறைத்தேன். அவள் போகவில்லை. 'மறைக்க வேண்டாம், எனக்கு ஆவணியிலேயே தெரியும்' என்றாள். என்ன தெரியும் என்றேன். 'என்ரை பிள்ளை ஆரிட்டை எதைக் குடுத்தாலும் சுழியை மெஷினிட்டைக் குடுக்கமாட்டான். கை ஏலாமல்தான் குடுத்திருக்கிறான்' என்றாள். மார்கழியில் இரஞ்சிதத்தைக் குசினிக்குள் கூட்டிப்போய் அம்பாள் மேல் ஆணையிட்டுக் கேட்டிருக்கிறாள். அவள் அழுதுகொண்டு சொன்னாளாம், மெஷினுக்குள் அகப்பட்டது, கை இருக்கிறது, விரல்கள்தான் மடங்குவதில்லை, அப்பாவின் நெஞ்சு வருத்தத்துக்காகச் சொல்ல வேண்டாம் என்று நீ கெஞ்சினாயாம். அம்மாவும் அதே நெஞ்சு வருத்தத்துக்காக எனக்குச் சொல்லாமல் இவ்வளவு காலம் தனியாக வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். முருகேசுவில் சந்தேகம், தம்பையாவில் சந்தேகம், முன்பின் காணாத மனோகரியில் கூடச் சந்தேகம், குசினிக்குள் நின்றவளை மட்டும் நான் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. எனக்கு அவளில் கோபம் வந்தது, பிறகு இருவரும் அந்தத் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு அழுதோம்.

சரி, இனி மறைக்க ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பரமலிங்கம் தன் புறோகிறாமைத் திருத்தினால் கடிதத்தை மெஷினே எழுதட்டும், எங்களுக்கு அதில் குறையில்லை, உன் கைக்கும் ஆறுதல். நான் இனியும் கோயில் வீதியில் காட்டுவேன். ஆனால் சுழியை மெஷினிடம் விடாதே. தமிழ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு வெறும் தாளில் சுழியை மட்டும் போட்டு உடனே அனுப்பு, அம்மாவுக்கு விரல் வைக்க வேண்டும். எந்தக் கையால் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.

குளிருக்குக் கோட்டுப் பொத்தான் பூட்ட ஏலாவிட்டால் பரமலிங்கத்திடம் சொல், வெட்கப்பட்டுத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே. அவனுக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல், அனலைதீவுக்குப் போகிற வள்ளத்தில் அவன் தாய்க்குக் கொஞ்சம் எள்ளுப்பாகு கொடுத்துவிடுகிறோம். வைத்தியர் சொல்கிற பயிற்சியை விடாமல் செய். அந்தக் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு இனிப் படம் எடுக்காதே, வெளியே வைத்து எடுத்து அனுப்பு. அம்பாள் உன் பக்கத்தில் இருப்பாள், நாங்களும் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தின் அடியில் கோணலாக ஒரு சுழி இருக்கும், அது மசி கொட்டினதல்ல. அம்மா இடக்கையால் போட்டது. முதல் நாலைந்தும் சரிவரவில்லை, பழைய கலண்டர்த் தாளில் போட்டுப் பழகிவிட்டுத்தான் இதில் போட்டாள். தன்னாலேயே ஏலும் என்றால் உன்னாலும் ஏலும் என்று எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாக இருக்கும் அப்பா,
க. வல்லிபுரம்

உ