கிள்ளான் வெள்ளத்தில் கேட்ட உன் குரல்

என் சேவியர் அண்ணனுக்கு,

உன் கைப்பேசியிலிருந்தே இதை எழுதுகிறேன். மாரடைப்பில் நீ போய் ஒரு வருஷம் ஆகியும் இந்த எண்ணை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில், மேசை இழுப்பறையில் வைத்து அவ்வப்போது சார்ஜ் போடுவேன். யாரும் அழைத்ததில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அது அடித்தது.

மேசையே அதிர்ந்தது, அண்ணே. பயந்து பயந்துதான் எடுத்தேன்.

"சேவியர் அண்ணனா? போட் அனுப்புறேன்னு சொன்னீங்களே! ஸ்கூல் கேட்டு பூட்டியிருக்கு லா. எங்கம்மா வீல்சேர்ல இருக்காங்க, தண்ணி ஏறுது," என்றாள் ஒரு பெண். நான் வாய் திறப்பதற்குள் லைன் அறுந்தது. உடனே இன்னொருவர். அவரும் உன்னைத்தான் கேட்டார். காலையில்தான் உன் பேச்சைக் கேட்டாராம்.

என் போனில், கிள்ளானில் நீ இருந்த தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். அங்கே நீ இருந்தாய்.

"நான் சேவியர் பேசுறேன். ஆத்துத் தண்ணி ஏறுது. யாரும் கார் எடுக்காதீங்க. ஸ்கூல் ஹாலுக்கு நடந்து வந்துருங்க, அங்க மேடு. முடியாதவங்க இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, போட் அனுப்புறேன்."

உன் குரலுக்குப் பின்னால் மழை. என் ஜன்னலுக்கு வெளியிலும் மழை. எது எந்த மழை என்று சற்று நேரம் எனக்குப் புரியவில்லை.

போன வெள்ளத்தில் நீ அனுப்பிய குரல் பதிவு அது. அன்று அதைக் கேட்டு எத்தனை குடும்பங்கள் தப்பின! யாரோ நல்லெண்ணத்தில் மறுபடியும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தப் பள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது, உனக்குத் தெரியாதே. பழைய கட்டடத்தைச் சுற்றிலும் மண் கொட்டி உயர்த்திவிட்டதால் இப்போது தண்ணீர் முதலில் அங்கேதான் தேங்குகிறது. உன்னை நம்பி ஜனங்கள் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். உன் பேச்சைக் கேட்காதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

சொன்னேன். மூன்று முறை அழித்துவிட்டு, நாலாவது முறை பதிவு செய்தேன். "இது பழைய மெசேஜ். பேசுறது என் அண்ணன். அவரு இப்ப உயிரோட இல்ல. ஸ்கூலுக்குப் போகாதீங்க. ஸ்டேஷன் பக்கத்து டேவான் மண்டபத்தைத் திறந்திருக்காங்க, அங்க போங்க." 'உயிரோட இல்ல' என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குள் அந்தப் பெண் மறுபடியும் அழைத்தாள். பெயர் சாந்தி.

"அக்கா, அம்மாவ லோரி மேல ஏத்திட்டோம். லோரி டயர் முங்கிருச்சு."

"இறங்காதீங்கம்மா. லொகேஷன் மட்டும் அனுப்புங்க."

அதை உன் போனில் இருந்த படகுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படம் வந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில் அவள் அம்மா, டேவான் வாசலில்.

மறுநாள் மாற்றுத் துணிகளோடு அங்கே போனேன். "அண்ணன் எங்கக்கா? நன்றி சொல்லணும்," என்றாள் சாந்தி.

"அவர் போய் ஒரு வருஷம் ஆச்சும்மா."

அவள் முகம் மாறியது. "இல்லியே. ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப அவருதான பேசினாரு? உயரமா ஏறி நில்லுங்கன்னாரு. அதுக்கப்புறம்தான் லோரியையே பார்த்தேன்."

திரும்பி வரும் ரயிலில் என் போனிலிருந்து உன் எண்ணை அழைத்தேன். என் மடியிலேயே அது அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு நீ பேசினாய்.

"சேவியர்தான். இப்ப எடுக்க முடியல. வெள்ளத்துல மாட்டியிருந்தா பயப்படாதீங்க. உயரமா ஏறி நில்லுங்க. நான் திரும்பக் கூப்பிடுறேன்."

வாய்ஸ்மெயில். எப்போது பதிவு செய்தாய், அண்ணே? முதல் அழைப்பு அறுந்த பிறகு, நான் அந்த இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது சாந்திக்குக் கேட்டது அதுதான். காரணம் தெரிந்த பிறகும் பெட்டியில் என் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பழைய செய்தியை நீக்கச் சொல்லி ஒவ்வொரு குழுவிலும் கேட்டுவிட்டேன். இனி நான் அனுப்பும் ஒவ்வொன்றிலும் முதலில் நாளும் நேரமும் இருக்கும். ஆனால் வாய்ஸ்மெயிலை அழிக்க மாட்டேன். நீ ஒருவரிடம் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னால், அவரை நான் கூப்பிடுவேன்.

உன் வாக்கைக் காக்கும் தங்கை,
மேரி