மைனியின் கழித்தல் வகுப்பு

அன்பு மைனிக்கு,

நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. இன்று நீங்கள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். உங்களைப் பெரியம்மை என்று கூப்பிட்ட என் மகள் பெனிட்டா இப்போது அங்கே ஐந்தாம் வகுப்பு.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகக் கைகோத்து நிற்கவைத்தார். மூன்று வரிசை, தனியாக நான்கு பேர். முப்பத்து நான்கில் ஏழு போக வேண்டும். நான்கு பேரும் வெளியே ஓடினார்கள். மீதி மூன்று பேருக்காக ஒரு வரிசை கையை விட்டது. ஒரே சிரிப்பு. "புது முறை" என்று தாளாளர் எழுந்து நின்று கை தட்டினார்.

நானும் தட்டினேன், மைனி. அது உங்கள் விளையாட்டு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், உங்கள் வகுப்பில் இருந்த பெனிட்டா ஒரு நாள் ஓடிவந்து, "அப்பா, இன்னைக்குப் பெரியம்மை என்னையக் கழிச்சிட்டாங்க!" என்று குதித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டைப் புரட்டினால் பாதி வெறுமை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் பின்தங்கிவிடுவாளோ என்று பயம். இரண்டு தெரு தள்ளித்தான் உங்கள் வீடு. வந்து கேட்டிருக்கலாம். கேட்காமல், 'வகுப்பில் பாடம் நடக்கவில்லை, ஆட்டம்தான் நடக்கிறது' என்று தாளாளருக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன்.

உங்களை ஆபீஸில் உட்காரவைத்து ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்தார்கள். நோய் வந்து படுக்கும்வரை நீங்கள் மறுபடி ஒரு வகுப்புக்குள் கால் வைக்கவில்லை. பெனிட்டாவின் நோட்டுகள் இப்போது நிரம்பி வழிகின்றன. கணக்குப் பரீட்சை என்றால் காலையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

கூட்டம் முடிந்து நேரே அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"தெரியும்லே" என்றார். "லெட்டரக் காட்டித்தான அவள விசாரிச்சாங்க. ஒன் எழுத்து அவளுக்குத் தெரியாதா? ஒன்னைய வந்து நாலு கேக்கேன்னு கெளம்புனேன். 'தம்பி, பிள்ளைய நெனச்சுப் பயந்து செஞ்சிட்டாரு, விடுங்க'ன்னுட்டா."

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையால் மீன்குழம்பு சாப்பிட்டிருப்பேன்! நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீங்கள் பொறுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் அன்றே பள்ளிக்கூடத்தில் போய் உண்மையைச் சொல்லியிருப்பேனோ? அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

உங்களை மாற்றிய வாரம் பெனிட்டா என்னிடம், "பெரியம்மை ஏம்ப்பா கிளாசுக்கு வரல?" என்று கேட்டாள். "அவங்களுக்கு ஆபீஸ் வேலைதான் பிடிச்சிருக்காம்" என்றேன். இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். உங்கள் மேல் அவளுக்கு வருத்தமும் உண்டு.

திங்கட்கிழமை தாளாளரைப் பார்த்து, எழுதியது நான்தான், அந்த விளையாட்டு உங்களுடையது என்று சொல்லப்போகிறேன். அதற்கு முன் நாளைக்கே பெனிட்டாவிடம் சொல்லிவிடுவேன். அதன்பின் அவள் என் முகத்தைப் பார்க்காவிட்டாலும் சரி, உங்களைத் தப்பாக நினைக்க மாட்டாள். இது சத்தியம், மைனி.

உங்கள் வீட்டில் சோறு தின்ற கொழுந்தன்,
சேவியர்